முடக்குவாதமும் ஹார்மோன் பரிசோதனையும்: எந்தச் செலவு உங்களுக்கு உதவும்?

நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம் (ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) உள்ள பெண்கள் பலர் நாற்பத்தைந்து வயதை நெருங்கும்போது ஒரே குழப்பத்தில் வந்து நிற்கிறார்கள். மாதவிடாய் தாறுமாறாகிறது. இரவில் திடீரென்று உடம்பு சூடாகி வியர்த்துக் கொட்டுகிறது. அதே சமயத்தில் விரல் மூட்டுகளும் முன்பைவிட அதிகமாக வீங்குகின்றன. ‘எல்லாம் ஹார்மோன் கோளாறுதான், ரத்தத்தில் அளவு பாருங்கள்’ என்று ஒருவர் சொல்வார். ‘ஹார்மோன் மாத்திரை போட்டால் மூட்டுவலியும் சேர்ந்து போய்விடும்’ என்பார் இன்னொருவர். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தனியார் பரிசோதனைக் கூடத்துக்குப் போனால், பத்துப் பன்னிரண்டு பரிசோதனைகளை ஒன்றாகக் கட்டிய ‘பேக்கேஜ்’ பட்டியல் கைக்கு வருகிறது. இதில் ஆண்களும் தப்பவில்லை. சோர்வாக இருக்கிறது என்று சொன்னால் போதும், டெஸ்டோஸ்டிரோன் பார்க்கச் சொல்லும் ஆலோசனை உடனே கிடைக்கிறது.

கையில் இருக்கும் பணம் அளவானது. எதிரே இருக்கும் வழிகள் நான்கு:

1. ஹார்மோன் பேக்கேஜ் முழுவதையும் எடுத்துப் பார்ப்பது
2. காரணம் இருக்கும் ஒன்றிரண்டு ஹார்மோன்களை மட்டும் பார்ப்பது
3. மாதவிடாய் நிற்கும் காலத்துக்கான ஹார்மோன் மாற்று சிகிச்சையைத் தொடங்குவது
4. ஹார்மோனை ஒதுக்கிவிட்டு, முடக்குவாத மருந்தையும் அதற்கான கண்காணிப்பையும் ஒழுங்குபடுத்துவது

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்காவது வழி எல்லோருக்கும் அடிப்படை. அதன்மேல் தேவைப்பட்டால் இரண்டாவது. மூன்றாவது நல்ல சிகிச்சைதான், ஆனால் அது வேறு தொல்லைக்கான சிகிச்சை. முதலாவதால் பயனடைபவர்கள் மிகச் சிலர். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் ஆற அமரப் பார்ப்போம்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் கேள்வி, எல்லாவற்றையும்விட முக்கியமானது: முடிவு எப்படி வந்தாலும் சிகிச்சை மாறுமா? அளவு குறைவாக இருந்தால் ஒரு மருந்து, கூடுதலாக இருந்தால் வேறொரு நடவடிக்கை என்று மருத்துவரால் முன்கூட்டியே சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத பரிசோதனை காகிதமாக மட்டுமே வீட்டுக்கு வரும்.

இரண்டாவது, ரத்தத்தில் வரும் எண்ணை நம்பலாமா? ஹார்மோன் அளவு மணிக்கு மணி மாறும், மாதவிடாய்ச் சுழற்சியின் நாளைப் பொறுத்து மாறும், நீங்கள் விழுங்கும் மாத்திரைகளாலும் மாறும். மூன்றாவது, மொத்தச் செலவு. ரசீதில் இருக்கும் தொகையோடு பஸ் செலவு, இழந்த கூலி, ஒரு முடிவு சற்றே பிசகியதால் எடுக்க நேரும் அடுத்தடுத்த பரிசோதனைகள் ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். நான்காவது, உடம்புக்குத் தீங்கு வருமா என்பது. ஐந்தாவது, இதைச் செய்வதால் எது தள்ளிப்போகிறது? முடக்குவாதத்தில் தாமதத்துக்கு மூட்டுதான் விலை கொடுக்கிறது. ஒருமுறை அரித்துப்போன எலும்பு முனை பழைய நிலைக்குத் திரும்புவதில்லை.

## ஹார்மோனுக்கும் இந்த நோய்க்கும் உண்மையிலேயே உறவு உண்டு

ஹார்மோனைப் பற்றிக் கேட்பவர்கள் வீணான கேள்வியைக் கேட்கவில்லை. முடக்குவாதம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டி அது தொடங்குவது அதிகம். சீக்கிரமே மாதவிடாய் நின்றுபோனவர்களுக்கு ஆபத்து சற்றுக் கூடுதல் என்றும் ஆய்வுகள் சொல்கின்றன. கர்ப்பமாக இருக்கும்போது ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கு மேலோ வலியும் வீக்கமும் தணிகின்றன. பிரசவமான சில மாதங்களிலேயே பலருக்கு நோய் மறுபடி சீறி எழுகிறது. பிள்ளை பெற்ற வீட்டில் ‘பத்தியம் தவறியதால் வாதம் பிடித்தது’ என்று தாயைக் குறை சொல்லும் வழக்கம் நம்மிடையே உண்டு. அந்தக் குற்றச்சாட்டில் நியாயமே இல்லை. அவள் உடம்பில் ஹார்மோன்களும் நோய் எதிர்ப்பு மண்டலமும் கர்ப்பத்துக்கு முந்தைய நிலைக்குத் திரும்பும்போது நடக்கும் மாற்றம் அது.

இந்தக் கர்ப்பகால நிம்மதியைக் கூர்ந்து கவனித்தவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய மருத்துவர் பிலிப் ஹென்ச். கர்ப்பத்திலும் மஞ்சள் காமாலையிலும் முடக்குவாதம் தணிகிறதென்றால், உடம்பே ஏதோ ஒரு பொருளைச் சுரக்கிறது என்று அவர் யோசித்தார். 1948 செப்டம்பரில், நோயால் முடங்கிக் கிடந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியிலிருந்து பிரித்தறியப்பட்ட கார்டிசோன் ஊசி போடப்பட்டது. சில நாட்களிலேயே அவர் எழுந்து நடந்தார். 1950-இல் ஹென்சுக்கும், உடன் உழைத்த கெண்டலுக்கும், சுவிட்சர்லாந்தின் ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் பிரெட்னிசலோன் மாத்திரை அந்தக் கார்டிசோனின் வழிவந்ததுதான். தொடர்ந்து கொடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும், முகம் உப்பும் என்பதும் அடுத்த சில ஆண்டுகளிலேயே தெரியவந்தது.

காலை நேர விறைப்பிலும் ஹார்மோனின் கை இருக்கிறது. நம் உடம்பில் அட்ரீனல் சுரக்கும் கார்டிசால் நள்ளிரவை ஒட்டி மிகக் குறைவாகவும் விடிந்து எழும் நேரத்தில் மிக அதிகமாகவும் இருக்கும். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு அழற்சியைக் கிளப்பும் இன்டர்லூகின்-6 போன்ற பொருள்கள் பின்னிரவிலும் விடியற்காலையிலும் ஏறுகின்றன. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் அளவுக்குக் கார்டிசால் சுரப்பதில்லை. குலசேகரம், அருமனைப் பக்கம் விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவரை நினைத்துப் பாருங்கள். கத்தியைப் பிடித்து மரப்பட்டையில் மெல்லிய சீவலாக இழுக்க வேண்டிய நேரமும், விரல்கள் மடங்க மறுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. தோவாளையில் அதிகாலையிலேயே பூக்கட்ட உட்காரும் பெண்களுக்கும் இதே கதிதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவர்களின் ரத்தத்தை எடுத்துக் கார்டிசால் பார்த்தால், எண் பெரும்பாலும் இயல்பான வரம்புக்குள்தான் இருக்கும். இவ்வளவு அழற்சி இருக்கும்போது அது இன்னும் உயர்ந்திருக்க வேண்டும், உயரவில்லை என்பதுதான் கோளாறு. அறிக்கைத் தாள் அதைக் காட்டாது. ஈஸ்ட்ரோஜன் விஷயத்தில் இடைவெளி இன்னும் பெரிது. வீங்கிய மூட்டின் உள்சவ்வில், அழற்சிப் பொருள்களின் தூண்டுதலால் ஆண்மை ஹார்மோன்கள் அங்கேயே ஈஸ்ட்ரோஜனாக மாற்றப்படுகின்றன. அதனால் மூட்டு நீரில் ஈஸ்ட்ரோஜனின் விகிதம் கூடியிருக்கும், ரத்தத்தில் அப்படி எதுவும் தெரியாது. முழங்கையில் குத்தி எடுத்த ரத்தம், மணிக்கட்டு மூட்டுக்குள் நடப்பதைச் சொல்வதில்லை. பேக்கேஜ் வாங்க நினைப்பவர்கள் மனத்தில் நிறுத்த வேண்டியது இதைத்தான்.

## முதல் வழி: முழு ஹார்மோன் பேக்கேஜ்

பட்டியலில் பொதுவாக இருப்பவை தைராய்டுக்கான டி3, டி4, டி.எஸ்.எச். மூன்றும், சினைப்பையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச்., எல்.எச்., ஈஸ்ட்ரோஜனின் முக்கிய வகையான எஸ்ட்ராடையால், புரொஜெஸ்டிரோன், புரோலாக்டின், டெஸ்டோஸ்டிரோன், டி.எச்.இ.ஏ. சல்பேட், கார்டிசால், வைட்டமின் டி ஆகியவை. சில ஆயிரம் ரூபாய் ஆகும்.

சிகிச்சை மாறுமா? இவற்றில் பெரும்பாலானவற்றால் மாறாது. அட்ரீனல் சுரக்கும் டி.எச்.இ.ஏ. சல்பேட் முடக்குவாதத்தில் குறைந்திருப்பது பலமுறை கவனிக்கப்பட்டதுதான். வயதானாலும் குறையும், பிரெட்னிசலோன் சாப்பிட்டாலும் குறையும். குறைந்ததை நிரப்பி முடக்குவாதத்தைக் கட்டுப்படுத்தும் சிகிச்சை என்று நிலைபெற்ற ஒன்று கிடையாது. முடக்குவாதம் உள்ள என் அக்காவின் அறிக்கையில் அந்த வரிக்கு எதிரே தடித்த எழுத்தில் ‘குறைவு’ என்று அச்சாகி வந்தது. பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, அந்த வரியைத் தாண்டி, ‘சி.ஆர்.பி. எங்கே?’ என்று கேட்டார். அழற்சியைக் காட்டும் அந்தப் பரிசோதனை பேக்கேஜில் இல்லை.

எண்ணை நம்பலாமா? மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் எஸ்ட்ராடையாலும் எஃப்.எஸ்.எச்.சும் நாளுக்கு நாள் ஏறி இறங்கும். இன்று எடுத்ததற்கும் அடுத்த வாரம் எடுப்பதற்கும் சம்பந்தமே இல்லாமல் போகலாம். கார்டிசாலைக் காலை எட்டு, ஒன்பது மணிக்குள் எடுக்க வேண்டும். பஸ் பிடித்துப் போய் வரிசையில் நின்று பதினொரு மணிக்குக் கொடுத்த ரத்தத்தில் வரும் எண்ணைக் காலை நேர வரம்போடு ஒப்பிடுவது பிழை. பிரெட்னிசலோன் சாப்பிடுகிறவர்களுக்குச் சில பரிசோதனை முறைகளில் அந்த மருந்தே கார்டிசாலாகக் கணக்கில் வந்துவிடும். ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரையும் கார்டிசால் அளவைப் பொய்யாக உயர்த்திக் காட்டும்.

இன்னும் இரண்டு தவறுகள் முடக்குவாதக்காரர்களுக்கென்றே வாய்த்தவை. முடக்குவாத மருந்தான மெத்தோட்ரெக்சேட் சாப்பிடும்போது சிலருக்கு முடி கொட்டும். அதற்காகப் பலர் தாங்களாகவே பயோட்டின் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். அதிக அளவு பயோட்டின் பல ஹார்மோன் பரிசோதனைகளைக் குழப்பிவிடும். குறிப்பாக டி.எஸ்.எச். குறைந்தும் டி4 கூடியும் வந்து, இல்லாத தைராய்டு மிகைப்பை இருப்பதுபோல் காட்டும். பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். மற்றொன்று, வலி மாத்திரையால் வயிறு எரியாமலிருக்கத் தரும் மாத்திரை. அதில் டோம்பெரிடோன் சேர்ந்திருந்தால் புரோலாக்டின் உயரும்.

மறைந்திருக்கும் செலவு. அந்தப் புரோலாக்டின் சற்று உயர்ந்து வந்தால் என்ன நடக்கும்? மறுபரிசோதனை, பிறகு மூளையில் பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்க எம்.ஆர்.ஐ., இடையில் தூக்கம் கெடும் இரவுகள். முடிவில் வயிற்று மாத்திரைதான் காரணம் என்று தெரியவரும். பன்னிரண்டு பரிசோதனைகளை ஒன்றாக எடுத்தால், நலமாக இருப்பவருக்குக்கூட ஒன்றாவது வரம்புக்கு வெளியே வர ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. வரம்பு வகுக்கப்படும் முறையே அப்படி. ஒவ்வொரு பரிசோதனையிலும் நலமானவர்களில் நூற்றுக்கு ஐந்து பேர் அதற்கு வெளியே இருப்பார்கள்.

எப்போது சரி? நாற்பது வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றுவிட்டால், தாய்ப்பால் கொடுக்காத நிலையில் மார்பில் பால் கசிந்தால், தலைவலியோடு பார்வையும் குறுகினால், ஹார்மோன் மருத்துவரே கேட்டால். அப்போதும் அவர் பட்டியலைத் தானே எழுதித் தருவார்.

## இரண்டாவது வழி: காரணம் இருக்கும் ஒன்றிரண்டு மட்டும்

சிகிச்சை மாறுமா? சரியாகத் தேர்ந்தெடுத்தால் நிச்சயம் மாறும்.

முதலிடம் டி.எஸ்.எச்.சுக்கு. முடக்குவாதம் உள்ளவர்களுக்குத் தன்னெதிர்ப்புத் தைராய்டு நோயும் (நோய் எதிர்ப்பு மண்டலம் தைராய்டைத் தாக்குவது) சேர்ந்து வருவது மற்றவர்களைவிட அதிகம். தைராய்டு குறைந்தால் தசை வலிக்கும், உடம்பு விறைக்கும், கை மரத்துப்போகும், சோர்வு அழுத்தும். இவை அனைத்தும் முடக்குவாதத்தின் அறிகுறிகளைப் போலவே இருப்பதால், வாத மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போகும் ஆபத்து உண்டு. சில நூறு ரூபாயில் முடியும் பரிசோதனை, குறைவு உறுதியானால் பலன் தரும் மருந்தும் இருக்கிறது. ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அதை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். எலும்புக்காகத் தரப்பட்ட கால்சியத்தைத் தைராய்டு மாத்திரையோடு ஒரே வாயில் போட்டுக்கொண்டால், தைராய்டு மருந்து குடலில் சரியாக ஏறாது. பிறகு டி.எஸ்.எச். உயர்ந்து வரும், மருந்தின் அளவைக் கூட்டுவார்கள்.

காலை நேரக் கார்டிசால், பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு நீண்ட காலம் சாப்பிட்டவர்களுக்கு மட்டும். மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் பிரெட்னிசலோன் சாப்பிட்டால் உடம்பின் சொந்தச் சுரப்பு உறங்கத் தொடங்கலாம். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தச் சரிவு என உயிருக்கே ஆபத்தாகும். படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் கட்டத்தில் சுரப்பி விழித்துவிட்டதா என்று பார்க்க இந்தப் பரிசோதனை உதவும். அன்றைய மாத்திரையை எப்போது சாப்பிடுவது, எவ்வளவு நேரம் தள்ளிப்போடுவது என்பதை மருத்துவர் சொன்னபடி செய்ய வேண்டும். நீங்களாகவே நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கப் போகாதீர்கள்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்லாமலிருக்க முடியவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டம் வர்மத்துக்கும் சித்தத்துக்கும் பேர்போன மண். கோட்டாற்றில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரியே இருக்கிறது. முறையாகப் படித்தவர்களிடமும் பரம்பரையாகக் கற்ற ஆசான்களிடமும் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. பெயர், உட்பொருள், தயாரித்தவர் என எதுவும் எழுதாத பொட்டலத்தைப் பற்றித்தான் கவலை. இரண்டே நாளில் வலி முழுவதும் பறந்துபோய், ஒரு மாதத்தில் கன்னம் உருண்டு, சர்க்கரை ஏறி, நிறுத்தினால் எழுந்திருக்கவே முடியவில்லை என்றால், உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படிப்பட்டவர் அந்தப் பொடியைக் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் உண்மையைச் சொல்ல வேண்டும். கார்டிசால் பரிசோதனையால் அதிகம் பயன்பெறப்போவது அவர்தான்.

வைட்டமின் டியும் வேலையால் ஒரு ஹார்மோன்தான். கடுமையாகக் குறைந்தால் எலும்பும் தசையும் வலிக்கும், ஆகவே ஒருமுறை பார்ப்பதில் தவறில்லை. வாரம் ஒன்று என்று எழுதித் தந்த 60,000 யூனிட் மருந்தைத் தினமும் சாப்பிட்டு ரத்தத்தில் கால்சியம் ஏறி மருத்துவமனைக்குப் போகிறவர்கள் உண்டு. வாரங்களின் எண்ணிக்கையைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எஃப்.எஸ்.எச்.? 45 வயதைக் கடந்தவருக்கு மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போய், வியர்வையும் சூடும் இருந்தால் அதுவே போதிய அடையாளம், பரிசோதனை வேண்டியதில்லை. நாற்பதுக்கு முன்பு நின்றால் கட்டாயம் வேண்டும், அதுவும் சில வார இடைவெளியில் இருமுறை.

ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோனைக் காலையில், வெறும் வயிற்றில், இரண்டு தனித்தனி நாட்களில் பார்க்க வேண்டும். நோய் சீறிக்கொண்டிருக்கும்போது அது தானாகவே குறைந்திருக்கும், நோய் அடங்கியபின் ஏறவும் கூடும். அவசரப்பட்டு ஊசி போட்டுக்கொள்ளத் தேவையில்லை.

மறைந்திருக்கும் செலவு இங்கே குறைவு. எப்போது சரி? ‘இது குறைந்திருந்தால் என்ன செய்வீர்கள்?’ என்று நீங்கள் கேட்டு, மருத்துவர் தெளிவான பதில் சொல்லும்போது.

## மூன்றாவது வழி: ஹார்மோன் மாற்று சிகிச்சை

முடக்குவாதத்துக்கு உதவுமா? கர்ப்பத்தில் வலி தணிகிறது, மாதவிடாய் நிற்கும்போது நோய் கிளம்புகிறது, ஆகவே ஈஸ்ட்ரோஜன் கொடுத்தால் அடங்கும் என்று நினைப்பது இயல்பே. அதைச் சோதித்தும் பார்த்தார்கள். அமெரிக்காவில் 27,000-க்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்த மகளிர் நல முன்முயற்சி ஆய்வின் தரவுகளை முடக்குவாதக் கோணத்தில் ஆராய்ந்து 2008-இல் வெளியிட்டார்கள். ஹார்மோன் சிகிச்சை நோய் வருவதைத் தடுத்ததாகவோ, வந்த நோயின் கடுமையைக் குறைத்ததாகவோ உறுதிப்படவில்லை. கர்ப்பத்தில் மாறுவது ஈஸ்ட்ரோஜன் மட்டும் அல்ல. புரொஜெஸ்டிரோன், கார்டிசால், நோய் எதிர்ப்பு மண்டலத்தின் போக்கு எல்லாமே மாறுகின்றன. ஒரு மாத்திரையால் அந்த நிலையைக் கொண்டுவர முடியாது.

பிறகு எதற்கு அது? உடல் சூடு, இரவு வியர்வை, தூக்கக் கெடுதி ஆகியவற்றுக்கு மிகச் சிறந்த மருந்து அதுதான். எலும்புத் தேய்மானத்தையும் தடுக்கும். முடக்குவாதம், மாதவிடாய் நிற்பது, ஸ்டீராய்டு ஆகிய மூன்றும் எலும்பைத் தின்பவை என்பதால் இது சிறிய நன்மை அல்ல. இரவெல்லாம் வியர்த்து, தூங்காமல் எழுகிறவருக்கு மறுநாள் வலி இருமடங்காகத் தோன்றும். தூக்கம் திரும்பினால் வலியைத் தாங்கும் தெம்பும் திரும்பும். நம் பெண்கள் இதைப் பற்றி வாய்திறப்பதே இல்லை. அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) நாள் முழுக்க உட்கார்ந்து பருப்பு உடைக்கும் அம்மாக்களிடம் கேட்டால், ‘இந்த வயதில் எல்லோருக்கும் உள்ளதுதானே’ என்று முடித்துக்கொள்வார்கள். மகப்பேறு மருத்துவரிடம் சொன்னால் உதவி உண்டு என்பதை அவர்களிடம் யாராவது சொல்ல வேண்டும்.

தீங்கு. மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டும். தோலில் ஒட்டும், தடவும் வகைகளில் அந்த ஆபத்து குறைவு. கர்ப்பப்பை இருப்பவர் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது, புரொஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். இப்படிச் சேர்த்துச் சில ஆண்டுகள் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்று உயர்கிறது. முடக்குவாதமே இதய நோய்க்கும் ரத்த உறைவுக்கும் வழிவிடும் நோய் என்பதால் கூடுதல் யோசனை தேவை. முடக்குவாதத்துக்கு டோஃபாசிடினிப் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் மூட்டு மருத்துவர், மகப்பேறு மருத்துவர் இருவருக்கும் இதைத் தெரிவிக்காமல் ஹார்மோன் தொடங்கக் கூடாது. அந்த மருந்துக்கும் உறைவு எச்சரிக்கை இருக்கிறது. மார்பகப் புற்றுநோய், காலில் அல்லது நுரையீரலில் ரத்த உறைவு, பக்கவாதம் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இந்த வழி பெரும்பாலும் அடைபட்டதே.

மறைந்திருக்கும் செலவு. மார்பகப் பரிசோதனை, ரத்த அழுத்தம், ஆண்டுதோறும் மறுபார்வை. அதைவிடப் பெரியது, ‘ஹார்மோன் மாத்திரை போடுகிறேனே’ என்று மெத்தோட்ரெக்சேட்டைக் கைவிடுவது.

எப்போது சரி? அறுபதுக்கு உட்பட்டவர், மாதவிடாய் நின்று பத்து ஆண்டு தாண்டாதவர், வியர்வையும் சூடும் வாழ்க்கையைக் கெடுக்கிறது, மேலே சொன்ன தடைகள் இல்லை என்றால் நல்ல தேர்வு. நாற்பதுக்கு முன்பே மாதவிடாய் நின்றவருக்கு, தடை ஏதும் இல்லையென்றால், இயல்பாக நிற்கும் வயதுவரை இது பொதுவாகப் பரிந்துரைக்கப்படுகிறது.

## நான்காவது வழி: நோயின் சிகிச்சையை ஒழுங்குபடுத்துவது

சிகிச்சை மாறுமா? இங்கே எடுக்கும் பரிசோதனை ஒவ்வொன்றும் மருந்தின் அளவைத் தீர்மானிக்கிறது. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் அழற்சியின் வேகத்தைச் சொல்லும். ரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் கிரியேட்டினின் மூன்றும் மெத்தோட்ரெக்சேட் உடம்புக்கு ஒத்துப்போகிறதா என்று காட்டும். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, நிலைப்பட்டபின் இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை எடுத்தால் போதும். ஆர்.ஏ. ஃபாக்டரும் ஆன்டி சி.சி.பி.யும் நோயைக் கண்டறியும்போது தேவை, ஒவ்வொரு முறையும் திரும்ப எடுக்க வேண்டியதில்லை. நோயே உறுதிப்படாதவர்கள் முதலில் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பிறகு மாதக்கணக்கில் நீடிக்கும் மூட்டுவலி முடக்குவாதத்தைப் போலவே தோன்றும்.

கெடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை தொடங்கி மூன்று மாதத்தில் தெளிவான முன்னேற்றம் தெரிய வேண்டும், ஆறு மாதத்தில் நோய் அடங்கியோ அடங்கும் நிலைக்கு வந்தோ இருக்க வேண்டும். இல்லையென்றால் மருந்தை மாற்றவோ கூட்டவோ வேண்டும். உலக அளவில் மூட்டு மருத்துவர்கள் பின்பற்றும் நெறி இது. நம்மிடையே ஒரே சீட்டை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறவர்கள் ஏராளம். வலி கூடியதும் ஹார்மோனைச் சந்தேகிக்கிறார்கள். மருந்தின் அளவு போதவில்லை என்ற எளிய காரணம் முதலில் விலக்கப்பட வேண்டும்.

தீங்கு. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒருநாள் மட்டும். தினமும் விழுங்கினால் வாய் புண்ணாகி, வெள்ளணுக்கள் சரிந்து, உயிரே போகலாம். அக்கா வீட்டில் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் சிவப்பு மையில் வட்டம் இருக்கும். மாத்திரையைப் போட்டபின் வட்டத்துக்குள் ஒரு கோடு. மற்ற நாட்களில் அந்த அட்டை பீரோவில் பூட்டப்பட்டிருக்கும். ஃபோலிக் அமிலம் எந்த நாளில் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மதுவும் இந்த மருந்தும் சேர்ந்தால் கல்லீரல் கெடும். பீடி, சிகரெட் நோயைத் தூண்டுவதோடு மருந்தின் பலனையும் குறைக்கும்.

மறைந்திருக்கும் செலவு. பொறுமை. மருந்து வேலைசெய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். அந்த இடைவெளியைக் கடக்கக் குறைந்த அளவு ஸ்டீராய்டு தரப்படலாம், அதையும் கூடுமானவரை மூன்று மாதத்துக்குள் குறைத்து நிறுத்தப் பார்ப்பார்கள். கூலி வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொரு பரிசோதனை நாளும் ஒருநாள் சம்பளம் போவது உண்மை. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மருத்துவர் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. தனியாரிடம் பேக்கேஜுக்குக் கொடுக்கும் தொகையைக் கண்காணிப்புப் பரிசோதனைகளுக்கு ஒதுக்கினால் அது பல முறைக்கு வரும்.

எப்போது சரி? எப்போதும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | முழு பேக்கேஜ் | ஒன்றிரண்டு மட்டும் | ஹார்மோன் மாற்று | நோயின் சிகிச்சை |
|---|---|---|---|---|
| சிகிச்சையை மாற்றுமா? | அரிது | காரணம் இருந்தால் மாற்றும் | வியர்வை, தூக்கம், எலும்புக்கு உதவும் | ஒவ்வொரு முறையும் |
| எண் நம்பகமானதா? | பல எண்கள் அலைபாயும் | நேரம் தவறாவிட்டால் ஆம் | பொருந்தாது | பெரும்பாலும் ஆம் |
| செலவு | சில ஆயிரம், ஒரே தடவையில் | சில நூறிலிருந்து | மாதந்தோறும் | மாதந்தோறும், அரசு மருத்துவமனையில் குறைவு |
| மறைந்திருக்கும் சுமை | தொடர் பரிசோதனை, பயம் | குறைவு | ஆண்டுப் பரிசோதனை, உறைவு ஆபத்து | வாரக் கணக்கில் காத்திருப்பு |
| மூட்டைக் காப்பாற்றுமா? | இல்லை | மறைமுகமாக | உறுதியில்லை | ஆம் |

## சில சூழல்கள்

48 வயது, மாதவிடாய் நின்றுகொண்டிருக்கிறது, கைவிரல்கள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு: நான்காவது வழி உடனே, கூடவே டி.எஸ்.எச். ஒருமுறை. வீக்கமே இல்லாமல் உடம்பெல்லாம் வலி, சி.ஆர்.பி.யும் இயல்பு, இரவு வியர்வை அதிகம் என்றால் மாதவிடாய் நிற்கும் காலத்து வலியாக இருக்கலாம், அவர் மகப்பேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

27 வயது, திருமணமாகிக் குழந்தைக்குத் திட்டமிடுகிறார்: எந்த ஹார்மோனையும் பார்ப்பதற்கு முன் மருந்துச் சீட்டைப் பார்க்க வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்லுனோமைடும் கருவைப் பாதிக்கும். மெத்தோட்ரெக்சேட்டைக் கருத்தரிப்பதற்குக் குறைந்தது ஒன்று முதல் மூன்று மாதங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும், லெஃப்லுனோமைடு உடம்பிலிருந்து வெளியேறத் தனிச் சிகிச்சையே உண்டு. ஹைட்ராக்சிகுளோரோகுயினும் சல்ஃபாசலசினும் கர்ப்பத்தில் தொடரக்கூடியவை. கர்ப்பத்தில் தானாகவே குணமாகும் என்று நம்பி எல்லா மருந்தையும் நிறுத்திவிடக் கூடாது, பாதிப் பேர் வரைக்கும் அந்த நிம்மதி கிடைக்காமல் போகலாம். பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். பிள்ளையைத் தூக்க வீட்டில் இன்னொரு கை வேண்டும்.

அறுபது வயதுப் பெண், பத்து ஆண்டுகளாகப் பிரெட்னிசலோன்: அவருக்கு ஈஸ்ட்ரோஜன் அளவைவிட எலும்பு அடர்த்தியைக் காட்டும் டெக்ஸா ஸ்கேன் ஆயிரம் மடங்கு பயன் தரும். சர்க்கரையும் கண்புரையும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டைக் குறைக்கும் கட்டத்தில் காலைக் கார்டிசால்.

ஐம்பத்தைந்து வயதுப் பால்வெட்டுத் தொழிலாளி, சோர்வு, ஆர்வமின்மை: முதலில் ரத்தசோகை, பிறகு தைராய்டு, பிறகு நோயின் வேகம். இவை சரியான பிறகும் சோர்வு நீடித்தால் டெஸ்டோஸ்டிரோன்.

ஆசாரிபள்ளத்துக்கோ, தக்கலைக்கோ, திருவனந்தபுரத்துக்கோ எங்கே போனாலும், சாப்பிடும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பயோட்டின், கால்சியம், வயிற்று மாத்திரை, கஷாயம், பொடி, கருத்தடை மாத்திரை எதையும் விட்டுவிட வேண்டாம். கடைசி மாதவிடாய் தேதி, காலை விறைப்பு எத்தனை நிமிடம் நீடிக்கிறது, எந்தெந்த மூட்டு வீங்கியிருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். விரல்கள் நன்றாக வீங்கியிருக்கும் ஒரு காலையில் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். வரிசையில் நின்று மருத்துவர் முன் உட்காரும் நண்பகலில் வீக்கம் வடிந்திருந்தால், அந்தப் படத்தைக் காட்டலாம்.